காக்கைக் கூடும் கருப்பையும்: தொடக்கநிலைக் கருவளர்ச்சி அறிவின் வரலாற்றில் தமிழ்ச் சான்றுகள்

ஆய்வுச்சுருக்கம்

திருமந்திரம், திருவாசகம் ஆகியவற்றில் அமைந்த கருவளர்ச்சிப் பகுதிகளை நவீனக் கருவியலின் முன்னறிவிப்புகளாகக் காட்டும் போக்கு தமிழாய்வுலகில் பரவலாக உள்ளது. பாலூட்டிகளின் தொடக்கநிலைக் கருவில் செல்களுக்கிடையே நிகழும் சமிக்ஞைப் பரிமாற்றம் கண்டறியப்பட்ட வரலாற்றை அருகில் வைத்து அப்பகுதிகளை மீண்டும் வாசிக்கும்போது, ஒப்புமையைவிட வேற்றுமையே ஆய்வுக்கு மிகுதியும் பயன்படுகிறது என்பது இக்கட்டுரையின் கருதுகோள். கருவைத் தாங்கும் உடலைக் காக்கைக் கூட்டோடு ஒப்பிடும் திருமூலரின் உவமை மையச் சான்றாக எடுத்துக்கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: கர்ப்பக் கிரியை, போற்றித் திருவகவல், சாமுவேல் கிறீன், சமிக்ஞைப் பாதை, கருப்பதிவு, கலைச்சொல்.

முன்னுரை

சென்னை அபிராமபுரத்திலும் அதனையடுத்த மயிலாப்பூர், ஆழ்வார்பேட்டைப் பகுதிகளிலும் கருத்தரிப்பு மையங்களின் பெயர்ப்பலகைகளைக் காணாமல் நெடுந்தொலைவு நடக்க இயலாது. அம்மையங்களுக்குச் சென்றுவரும் தம்பதியரின் பேச்சில் 'மூன்றாம் நாள் கரு', 'ஐந்தாம் நாள் கரு' என்னும் தொடர்கள் இயல்பாக இடம்பெறுகின்றன. கருவைத் திங்கள் கணக்கில் எண்ணிவந்த மொழியொன்று அதனை நாள் கணக்கில் எண்ணத் தொடங்கியிருப்பது சிறு மாற்றமன்று. அந்த ஐந்து நாள்களில் என்ன நிகழ்கிறது என்பது உலக அறிவியலிலேயே 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் தெளிவுபடத் தொடங்கியது.

இதற்கிடையே, அவையனைத்தையும் நம் முன்னோர் அறிந்திருந்தனர் என்னும் கூற்றும் கருத்தரங்குகளில் தொடர்ந்து கேட்கப்படுகிறது. கரு உருவாதலைப் பற்றிப் பேசும் பாடலொன்றை எடுத்துக்கொண்டு, பாடநூலின் பத்தியொன்றை அதனருகே வைத்து, இரண்டும் ஒன்றே என நிறுவும் கட்டுரைகளுக்குக் குறைவில்லை. இம்முறையால் பாடலுக்கும் நீதி கிடைப்பதில்லை, அறிவியலுக்கும் கிடைப்பதில்லை.

கர்ப்பக் கிரியையும் பத்துத் திங்களும்

திருமந்திரத்தின் இரண்டாம் தந்திரத்தில் 'கர்ப்பக் கிரியை' என்னும் பகுதி ஏறத்தாழ நாற்பது பாடல்களைக் கொண்டது. நூலின் காலம் குறித்து அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. இப்பகுதியின் உள்ளடக்கம் குறித்து ஐயமில்லை. ஐம்பூதங்களும் தத்துவங்களும் உடலில் பொருந்துதல், மூச்சு வலப்புறம் ஓடினால் ஆண், இடப்புறம் ஓடினால் பெண், அபானன் எதிர்த்தால் இரட்டை எனப் பிறப்பு வேறுபடுதல், மூச்சின் அளவுக்கேற்ப வாழ்நாள் அமைதல் ஆகியவை இங்குப் பேசப்படுகின்றன. தாயின் வயிற்றில் மலம் மிகுந்தால் குழந்தை மந்தமாகவும், நீர் மிகுந்தால் ஊமையாகவும், இரண்டும் மிகுந்தால் குருடாகவும் பிறக்கும் என்ற செய்தியும் இதே பகுதியில்தான் உள்ளது. திருமூலரைக் கருவியலாளராகக் காட்டும் கட்டுரைகள் இப்பாடலைப் பெரும்பாலும் தவிர்த்துவிடுகின்றன. சான்றுகளுள் ஏற்புடையதை மட்டும் தெரிந்தெடுத்தல் ஆய்வுநெறியாகாது. குழந்தையின் குறைக்குத் தாயின் வயிற்றைக் காரணமாக்கும் எண்ணத்தின் தொன்மைக்கு இப்பாடல் முதன்மையான ஆவணம் என்பதால், சமூக வரலாற்றாளர் இதனை ஒதுக்கவும் கூடாது.

இப்பகுதியின் உயிர் வேறிரு பாடல்களில் உள்ளது. ஒன்று, கருவைத் தந்தவன் அறியவில்லை, ஏற்றவள் காணவில்லை, அதனைச் செய்யும் தட்டான் அறிந்தும் எவருக்கும் உரைக்கவில்லை என வியக்கும் பாடல். மற்றொன்று, குயில் தன் முட்டையைக் காக்கையின் கூட்டில் இட்டுவிட, காக்கை ஐயமின்றி அதனை வளர்ப்பதைக் காட்டும் பாடல். கூட்டுக்குரிய பறவையிடம் அசைவோ, விலக்கோ, ஏன் என்ற வினாவோ இல்லை; மயக்கத்தால் வளர்க்கிறது. உயிர் வேறு, அது வந்து தங்கிய உடல் வேறு என்னும் சித்தாந்தப் பொருளுக்காக எழுந்த உவமை இது. ஆயினும், கரு தாய்க்கு அயலான ஒன்று என்பதையும், அதனைத் தாய்மை வினவாது ஏற்கிறது என்பதையும் அது ஒருங்கே கூறிவிடுகிறது. இவற்றுள் முன்னதை இன்றைய அறிவியல் ஏற்கும், பின்னதை ஏற்காது.

மாணிக்கவாசகரின் போற்றித் திருவகவல் வேறு வகையினது. யானை முதல் எறும்பு வரையிலான பிறவிகளைக் கடந்து மானுடப் பிறப்பெடுத்த உயிர், தாய்வயிற்றில் திங்கள்தோறும் எதிர்கொள்ளும் இடர்களை அது அடுக்குகிறது. முதல் திங்களில் கரு தான்றிக்காய்போல் இரண்டாகப் பிளவுறும் இடர் எனப் பழைய உரைமரபு விளக்குகிறது. ஒவ்வொரு திங்களும் 'பிழைத்தும்' என்ற எச்சத்தோடு முடிகிறது. இது வளர்ச்சி அட்டவணையன்று. தப்பிப் பிழைத்தலின் பட்டியல். கருவில் என்ன உருவாகிறது என்பதைவிட, உருவாவது அழியாமல் எப்படி வெளிவந்தது என்பதே பாடுவோனின் திகைப்பு. மேலும், நாளும் திங்களுமாகக் கருவைப் பகுக்கும் முறை தமிழுக்கு மட்டும் உரியதன்று. சுசுருத சங்கிதையிலும் கர்ப்போபநிடதத்திலும் அது உண்டு. இவ்வொப்பீட்டை விடுத்துத் தமிழர் கண்டுபிடிப்பு என்று முழங்குதல் இரட்டைப் பிழையாகும்.

மானிப்பாயில் உருவான சொற்கள்

தமிழில் கருவையும் மகப்பேற்றையும் மேலைமருத்துவ நோக்கில் எழுதும் முயற்சி சென்னையைவிட யாழ்ப்பாணத்திலேயே வலுவாக வேரூன்றியது. அமெரிக்காவின் மாசசூசெட்சு மாநிலத்து உவூஸ்டரில் 1822இல் பிறந்த சாமுவேல் பிஷ் கிறீன், 1847இல் இலங்கை வந்து, அடுத்த ஆண்டு முதல் மானிப்பாயில் மருத்துவப் பணியும் கற்பித்தலும் மேற்கொண்டார். 1860களில் மருத்துவக் கல்வியைத் தமிழிலேயே நடத்தினார். மோன்செலின் மகப்பேற்று நூலைத் தழுவிய 'பிரசவ வைத்தியம்' 1857இல் வெளிவந்தது. 'இரண வைத்தியம்', 'மனுஷ அங்காதிபாதம்', 'கெமிஸ்தம்', 'மனுஷ சுகரணம்' ஆகியவை அடுத்தடுத்து வந்தன.

இத்தலைப்புகளே அவரது மொழிக்கொள்கையைக் காட்டிவிடுகின்றன. 'இரண வைத்தியம்' நாட்டு மருத்துவரிடம் முன்பே வழங்கிய தொடர். 'அங்காதிபாதம்', 'சுகரணம்' ஆகியவை வடமொழிக் கூறுகளால் கட்டப்பட்டவை. 'கெமிஸ்தம்' ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ் ஈறு ஒட்டியது. இருக்கும் சொல்லை முதலில் தேடி, இல்லாதபோது ஆக்கி, அதுவும் இயலாதபோது கடன்பெறும் இந்த வரிசையை நம் கலைச்சொல் குழுக்கள் பின்பற்றியிருந்தால் பல பூசல்கள் தவிர்க்கப்பட்டிருக்கும் என்பது என் எண்ணம்.

பின்னர் வழி பிரிந்தது. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் செல்லைக் 'கலம்' என்றும், கருவை 'முளையம்' என்றும், துறையை 'முளையவியல்' என்றும் வழங்கின. தமிழகத்தில் 'செல்', 'உயிரணு', 'கரு', 'கருவியல்' நிலைத்தன. தமிழ் வளர்ச்சிக் கழகம் பெரியசாமித் தூரனை முதன்மை ஆசிரியராகக் கொண்டு 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வெளியிட்ட கலைக்களஞ்சியம் இத்தமிழக வழக்கைப் பரப்பியதில் பெரும்பங்கு வகித்தது. அதன் கடைசித் தொகுதி வெளிவந்தபோது, செல்கள் ஒன்றுக்கொன்று அனுப்பும் மூலக்கூற்றுச் செய்திகள் கருவை வடிவமைக்கும் முறை எந்த மொழியிலும் எழுதப்படும் நிலையில் இல்லை. ஆகவே தமிழின் பெருங்களஞ்சியத்தில் அது இடம்பெறாதது களஞ்சியத்தின் குறையன்று. அதன்பின் அரை நூற்றாண்டாகியும் அது தமிழில் முறையாக எழுதப்படாததே குறை.

பிளவுண்ட கரு

அவ்வறிவு உருவான வரலாறு ஒரு பிளவிலிருந்து தொடங்குகிறது. 1888இல் செருமானியரான வில்லெல்ம் ரூ, இரு செல் நிலையிலிருந்த தவளைக் கருவின் ஒரு செல்லைச் சுடுஊசியால் குத்தி அழித்தார். எஞ்சிய செல் பாதிக் கருவாகவே வளர்ந்தது. ஒவ்வொரு செல்லுக்கும் அதன் பங்கு முன்பே வகுக்கப்பட்டுள்ளது என அவர் முடிவுசெய்தார். சில ஆண்டுகளில் ஆன்ஸ் திரீஷ் கடல்முள்ளெலியின் இரு செல்களைக் குலுக்கிப் பிரித்தார். பாதிகள் தோன்றவில்லை, அளவில் சிறிய இரண்டு முழு இளவுயிரிகள் தோன்றின. ரூவின் ஆய்வில் இறந்த செல் ஒட்டியபடியே இருந்ததால் உயிருள்ள செல் தன் அயலில் இன்னொன்று இருப்பதாகவே நடந்துகொண்டது என்பது பின்னர் விளங்கியது. தனித்துவிடப்பட்டதைச் செல் எவ்வாறு அறிகிறது என்ற வினாவுக்கு விடை காணாத திரீஷ், உயிராற்றல் என்னும் மெய்ப்பொருளை நாடி ஆய்வுக்கூடத்தை விட்டுத் தத்துவப் பேராசிரியரானார். அறிந்தும் உரைக்காத தட்டானைப் பற்றிய திருமூலரின் வியப்பு இங்கே நினைவுக்கு வருவதைத் தவிர்க்க முடியவில்லை.

1924இல் ஆன்ஸ் சுபேமானும் இல்டே மாங்கோல்டும் நீர்ப்பல்லியின் கருவில் ஒரு சிறு பகுதியை எடுத்து மற்றொரு கருவில் ஒட்டினர். ஒட்டப்பட்ட திசு தன்னைச் சூழ்ந்த அயல் செல்களையும் ஈடுபடுத்தி இரண்டாவது உடலச்சை உருவாக்கியது. ஒரு திசு மற்றொன்றுக்கு அறிவுறுத்துகிறது என்பது உறுதியாயிற்று. அறிவுறுத்தும் பொருள் எது என்பது பல்லாண்டுகள் புலப்படவில்லை. சுபேமான் 1935இல் நோபல் பரிசு பெற்றார். மாங்கோல்டு, கட்டுரை வெளிவந்த ஆண்டிலேயே தீவிபத்தில் இறந்துபோனார்.

பாலூட்டியின் கரு தாயினுள் மறைந்திருப்பதால் இத்தகைய ஆய்வுக்கு எளிதில் உட்படவில்லை. 1959இல் போலந்து அறிஞர் ஆன்ஜெய் தார்கோவ்சுகி, இரு செல் நிலையிலுள்ள சுண்டெலிக் கருவின் ஒரு செல்லை அழித்து, மற்றதை வளர்ப்புத்தாயின் உடலில் சேர்த்தார். முழுச் சுண்டெலி பிறந்தது. இரண்டு ஆண்டுகள் கழித்து இரு கருக்களை ஒன்றாக இணைத்தும் ஒரே சுண்டெலியைப் பெற்றார். பாதி முழுமையாகிறது, இரண்டு ஒன்றாகிறது. முதல் திங்களில் பிளவுறுதலை மாணிக்கவாசகர் அழிவாக அஞ்சினார். பிளவு அழிவாகாமல் இரட்டையாகவும் ஆகக்கூடும் என்பதே ஆய்வு காட்டியது. இவ்விரண்டும் ஒன்றல்ல என்று கூறுவதால் திருவாசகத்துக்குக் குறை நேர்வதில்லை.

உள்ளும் புறமும்

1967இல் தார்கோவ்சுகியும் யோவான்னா உவுரூபிளெவ்சுகாவும் முன்வைத்த கருத்து எளிமையானது: செல்லின் எதிர்காலத்தை அதன் இருப்பிடம் முடிவுசெய்கிறது. கருத்திரளின் வெளிப்புறத்தில் அமைந்த செல்கள் நச்சுக்கொடிக்கு உரிய புறவுறையாகின்றன; உட்புறத்தில் சிக்கியவை உட்செல் திரளாகிப் பின்னர் உடலைத் தருகின்றன. புறநானூறும் அகநானூறும் பயின்றோர்க்கு அகம், புறம் என்ற பாகுபாடு புதிதன்று. ஆனால் தான் அகத்தில் உள்ளோமா, புறத்தில் உள்ளோமா என்பதைச் செல் அறியும் முறை நாற்பது ஆண்டுகளுக்கும் மேல் விளங்காமலே இருந்தது.

விடை ஈயிடமிருந்து வந்தது. பழ ஈயில் ஒரு மரபணு பழுதுற்றால் உறுப்புகள் மிகையாகப் பருத்துவிடும். அதனால் அதற்கு நீர்யானையின் பெயரைச் சுருக்கி 'ஹிப்போ' எனப் பெயரிட்டனர். அம்மரபணு இடம்பெற்ற சமிக்ஞைப் பாதையே சுண்டெலிக் கருவின் அகத்தையும் புறத்தையும் பிரிக்கிறது என்பதை 2009இல் சப்பானிய ஆய்வாளர்கள் காட்டினர். எட்டுச் செல் நிலைக்குப் பின் செல்கள் நெருங்கி ஒன்றோடொன்று ஒட்டுகின்றன. எல்லாப் பக்கமும் அயலாரால் சூழப்பட்ட உட்செல்லில் ஹிப்போ பாதை இயங்கி, 'யாப்' என்னும் புரதத்தை உட்கருவுக்குள் நுழையவிடாமல் தடுக்கிறது. (தமிழ் யாப்புக்கும் இதற்கும் தொடர்பில்லை.) ஒரு முகம் வெளியை நோக்கிய செல்லில் அப்பாதை அடங்குகிறது, யாப் உட்கருவுக்குள் சென்று, 'டீட்4' என்னும் துணையோடு புறவுறைக்குரிய மரபணுக்களை இயக்குகிறது. தொடுதலே இங்குச் செய்தி.

அடுத்த பிரிவு உட்செல் திரளுக்குள் நிகழ்கிறது. சில செல்கள் 'எஃப்.ஜி.எஃப்.4' எனும் வளர்காரணியைச் சுரக்கின்றன. அதனை வலுவாக ஏற்கும் செல்கள் கருவுணவுப்பையின் உறையாகத் தடம் மாறுகின்றன. ஏற்காதவை உடலைத் தரும் செல்களாக நிலைக்கின்றன. 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் நடந்த ஆய்வுகளில், இக்காரணியை மிகுதியாகச் சேர்த்தபோது உட்செல்கள் அனைத்தும் ஒருவழியாயின. பாதையைத் தடுத்தபோது அனைத்தும் மறுவழியாயின. முன்பே எழுதப்பட்ட விதி ஏதும் தனிச்செல்லில் இல்லை. தான் உரைப்பதும் அயல் உரைப்பதைக் கேட்பதும் சேர்ந்தே அதன் நிலை முடிவாகிறது. ஆனால் சுண்டெலியை மனிதனாகக் கொள்ளலாகாது. மனிதக் கருவில் அப்பாதையைத் தடுத்தும் உறைச்செல்கள் தோன்றின என 2012இல் இரு ஆய்வுகள் தெரிவித்தன. அண்மைய ஆண்டுகளின் ஆய்வுகள் மனிதக் கருவிலும் அப்பாதைக்குப் பங்குண்டு என மீண்டும் காட்டுகின்றன. பாடநூல் பத்தியைப் பாடலோடு பொருத்திக் காட்டுவோர், அப்பத்தியே பத்தாண்டுக்கு ஒருமுறை திருத்தப்படுகிறது என்பதையும் எண்ணவேண்டும்.

வினவும் கூடு

திருமூலரின் உவமையை அறியாமலே அதனை ஆய்வாக நடத்தியவர் ஒருவர் உண்டு. 1890இல் இங்கிலாந்தின் வால்டர் ஈப், அங்கோரா இனப் பெண்முயலின் இரு கருக்களை எடுத்து, பெல்சிய இனத்து முயலின் கருக்குழாயில் இட்டார். பிறந்த ஆறு குட்டிகளில் இரண்டு அங்கோரா. அயல் வயிறு குட்டியின் இனத்தை மாற்றவில்லை. இவ்வளவில் காக்கைக் கூடு துல்லியமான உவமை.

காக்கை வினவுவதில்லை என்ற பகுதியைத்தான் பின்வந்த ஆய்வுகள் மறுத்தன. 1992இல் காலின் சுடூவர்ட் குழுவினர், 'எல்.ஐ.எஃப்.' எனும் காரணியைச் சுரக்க இயலாத பெண் சுண்டெலிகளை ஆராய்ந்தனர். அவற்றின் வயிற்றில் கருக்கோளம் குறையின்றி உருவாயிற்று, ஆனால் தங்கவில்லை. அதே கருக்களை இயல்பான தாயின் கருப்பைக்கு மாற்றியபோது அவை தங்கி வளர்ந்தன. கருப்பை தன் சொல்லைச் சொல்லாவிடில் நல்ல கருவும் நிலைக்காது. 1994இல், கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் பயின்று அமெரிக்காவில் ஆய்வு நடத்திய சுதான்சு குமார் தே குழுவினர் மறுபக்கத்தைக் காட்டினர். கருக்கோளம் நெருங்கிய இடத்தில் மட்டும், அது ஒட்டுவதற்குச் சில மணி நேரம் முன்பே, கருப்பையின் உட்படலம் 'எச்.பி.-ஈ.ஜி.எஃப்.' எனும் காரணியை வெளிப்படுத்துகிறது. கருக்கோளத்தின் மேற்பரப்பில் அதனை ஏற்கும் வாங்கிகள் உள்ளன. கரு கூறியதற்குக் கருப்பை விடை தருகிறது. பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் போலனி சேஷகிரியின் குழு, ஹாம்ஸ்டர் எனும் கொறிவிலங்கின் கருக்கோளம் தன் உறையைக் கரைத்து வெளியேறும் நிகழ்வை நெடுங்காலம் ஆராய்ந்து, கருவே சுரக்கும் கேதெப்சின் நொதிகளின் பங்கை வெளிப்படுத்தியது. முட்டையும் வாளா இருப்பதில்லை.

இவ்வறிவு உடனே மருந்தாகிவிடவில்லை. மீண்டும் மீண்டும் கரு தங்காத பெண்களுக்கு எல்.ஐ.எஃப். காரணியைச் செலுத்திப் பார்த்த மருத்துவ ஆய்வு பயன் தரவில்லை என 2009இல் அறிவிக்கப்பட்டது. உரையாடலில் ஒரு சொல்லை மட்டும் உரக்கக் கூறுவதால் உரையாடல் அமைந்துவிடாது போலும்.

பதிதலும் பதித்தலும்

இந்தியாவில் புறக்கருவூட்டல் 1978 அக்டோபர் 3ஆம் நாள் கல்கத்தாவில் சுபாஷ் முகர்ஜியின் முயற்சியால் பிறந்த குழந்தையோடு தொடங்குகிறது. அரசு அமைத்த குழு அவர் கூற்றை ஏற்கவில்லை. 1981இல் அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். 1986இல் மும்பையில் பிறந்த குழந்தையின் வெற்றிக்குரியோருள் ஒருவரான டி.சி. ஆனந்தகுமாரே, முகர்ஜியின் குறிப்புகளை ஆராய்ந்து 1997இல் அவரது முதன்மையை நிலைநாட்டினார். சென்னையில் 1990இல் மருத்துவர் கமலா செல்வராஜின் மேற்பார்வையில் தென்னிந்தியாவின் முதல் 'சோதனைக்குழாய்க் குழந்தை' பிறந்தது. கருவூட்டல் சோதனைக்குழாயில் நடப்பதில்லை, ஆழமற்ற தட்டில்தான் நடக்கிறது என்பதை இதழ்கள் பொருட்படுத்தவில்லை. ஆங்கிலத் தலைப்பை அப்படியே பெயர்த்தன.

அத்தொடர் தீங்கற்றது. தீங்குள்ள சொல் ஒன்றும் வழக்கில் உண்டு. ஆய்வகக் கருவைக் கருப்பைக்குள் செலுத்துதல் மருத்துவரின் செயல். அதன்பின் சில நாள்களில் கரு உட்படலத்தோடு ஒன்றுதல் கருவும் கருப்பையும் தமக்குள் நிகழ்த்துவது. முன்னது கரு மாற்றம், பின்னது கருப்பதிவு. தமிழில் இவ்விரண்டுக்கும் 'பதித்தல்' என்ற ஒரே பிறவினை பல இடங்களில் ஆளப்படுகிறது. பிறவினைக்குச் செய்விப்போன் வேண்டும். மருத்துவர் பதித்துவிட்டார் என்று கேட்ட குடும்பம், பணி முடிந்தது என்றே கொள்கிறது. இரு வாரங்களில் முடிவு எதிர்மறையாக வந்தால், செய்விப்போன் செய்துமுடித்ததைக் காக்கத் தவறிய குற்றம் எஞ்சியிருக்கும் ஒருத்தியின் மேல் விழுகிறது. மலம் மிகுந்த வயிற்றைப் பழித்த பழம்பாடலுக்கும் இதற்கும் இடைவெளி மிகுதியில்லை. 2021ஆம் ஆண்டு இனப்பெருக்கத் தொழில்நுட்ப ஒழுங்குமுறைச் சட்டம் எழுத்துவழி ஒப்புதலைக் கட்டாயமாக்கியுள்ளது. கருவுற்ற நாள் முதல் 56 நாள் வரையிலானதைக் 'கரு' என வரையறுத்தும் உள்ளது. ஒப்புதல் தருவோர் எதற்கு ஒப்புகின்றனர் என்பது படிவத்தின் தமிழில் தெளிவாக இருந்தாகவேண்டும்.

'பதிதல்' எனத் தன்வினையால் கூறினாலே பாதித் தெளிவு பிறக்கும். நம் பெண்டிர் வழக்கில் இதனினும் சிறந்த சொல் நெடுங்காலமாக உண்டு: கரு தங்கியது, கரு தங்கவில்லை என்பர். தங்குவதற்கு வருவோரும் வேண்டும், இடந்தருவோரும் வேண்டும். கிறீன் மானிப்பாயில் 'இரண வைத்தியம்' என்ற நாட்டுச் சொல்லை எடுத்தாண்டதுபோல், 'கருத்தங்கல்' என்பதைக் கலைச்சொல்லாக ஏற்பது பற்றித் தமிழக, இலங்கைக் கலைச்சொல் குழுக்கள் கூடிப் பேசலாம். 'முளையம்' வேண்டுமா 'கரு' வேண்டுமா என்ற பழைய வழக்கை அதன்பின் வைத்துக்கொள்ளலாம்.